வால்வைக் கொஞ்சமாக உடைக்கவும்

இங்கிலீஷ் இலக்கியம் படித்தவளுக்கு இங்கிலீஷில் இருக்கிற எல்லாமே தெரியும் என்று நம்புகிற குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. எம்.ஏ. முடித்துவிட்டு நான் வேலூரில் (பரமத்தி வேலூர், கோட்டை இருக்கிற வேலூர் இல்லை. இதைச் சொல்லிச் சொல்லியே பாதி ஆயுசு போயிற்று) சும்மா இருந்த காலத்தில், மாத்திரை அட்டையின் பின்பக்கம், மிக்சி வாங்கிய பெட்டிக்குள் கிடக்கும் புத்தகம், கொடிக்காலுக்கு அடிக்கிற மருந்து டப்பா எல்லாம் என்னிடம்தான் வரும். நானும் கண்ணைச் சுருக்கிப் படிப்பது போலப் படித்துவிட்டு ஏதாவது ஒன்று சொல்வேன். மருந்து டப்பாவைப் பற்றி நான் சொன்னதைக் கேட்டு அப்பா ஒரு வரிசை வெற்றிலைக் கொடியைப் பறிகொடுத்தார். அதைப் பூச்சியின் குற்றம் என்றுதான் இன்றுவரை நம்புகிறார். நான் மறுத்துப் பேசியதில்லை.

இந்தப் புகழ் பள்ளிபாளையம் வரைக்கும் போய்விட்டது. அங்கே என் சித்தப்பா ஒரு சைசிங் பட்டறை வைத்திருக்கிறார். விசைத்தறிக்குப் போகும் பாவு நூலைக் கஞ்சியில் நனைத்து, சூடான பெரிய உருளைகளின் மேல் ஓட்டிக் காயவைத்துச் சுற்றிக் கொடுக்கிற வேலை. கஞ்சி காய்ச்சவும் நீராவி வேண்டும், உருளைகளைச் சூடாக்கவும் நீராவி வேண்டும். பழைய பாய்லர் இருமத் தொடங்கியதால் சித்தப்பா அதைத் தூக்கிவிட்டுப் பெரிதாக ஒன்று வாங்கினார். அதை முதன்முதலாக ஓட்டிக் காட்டவும், பட்டறை ஆட்களுக்குப் பாதுகாப்புப் பாடம் நடத்தவும் கல்கத்தாவிலிருந்து தாஸ் என்று ஒருவர் வந்து இறங்கினார். அவருக்குத் தமிழில் 'வணக்கம்' கூடத் தெரியாது. பட்டறையில் இருந்தவர்களுக்கு இங்கிலீஷில் 'ஓகே'யைத் தாண்டி ஒன்றும் தெரியாது. சித்தப்பா எனக்கு போன் செய்தார்.

"கோகிலா, ஒரு நா வந்துட்டுப் போ கண்ணு. அவரு சொல்றத நீ தமிழ்ல சொல்லிப்போட்டாச் சரி."

"சித்தப்பா, எனக்கு பாய்லரைப் பத்தி ஒண்ணுமே தெரியாதுங்களே."

"பாய்லரைப் பத்தி அவருக்குத் தெரியும். இங்கிலீசு உனக்குத் தெரியும். வேற என்ன வேணும்?"

இந்தக் கணக்கில் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று தோன்றியது. எங்கே என்று தெரியவில்லை. தெரியாததால் சரி என்று சொல்லிவிட்டேன்.

பள்ளிபாளையத்துக்குத் திருச்செங்கோடு வழியாகப் போகிற பஸ்ஸில் செல்போனை வைத்துக்கொண்டு பாய்லர் சம்பந்தப்பட்ட சொற்களைத் தேடித் தேடி மனப்பாடம் செய்தேன். கல்லூரியில் ஒரு மேடைப் பேச்சில் ஒரு சொல்கூட ஆங்கிலம் கலக்காமல் பேசி நான் முதல் பரிசு வாங்கியிருந்தேன். என்னைக் கெடுத்தது அந்தப் பரிசுதான். 'ஸ்டீம்' என்று ஒரு தடவைகூடச் சொல்வதில்லை, எல்லாவற்றையும் தமிழிலேயே சொல்லி அசத்திவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன். (அங்கே அசந்து போக யாரும் காத்திருக்கவில்லை என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.)

பட்டறையில் எல்லாரும் நூல் மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் ராசண்ணன். பாய்லர் ஓட்டுகிறவர், சித்தப்பாவிடம் பல வருஷமாக இருப்பவர். கடைசியில் அவர் சம்சாரம் செல்வியக்கா. அறுந்த இழைகளை முடிச்சுப் போட்டுச் சேர்க்கிற வேலை அவருக்கு. தாஸ் ஒல்லியாக, மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, ரொம்பவும் மெல்லிய குரலில் பேசினார். அவர் நாலு வாக்கியம் பேசுவார். பிறகு என்னைப் பார்ப்பார். நான் கூட்டத்தைப் பார்ப்பேன். கூட்டம் சித்தப்பாவைப் பார்க்கும்.

ஆரம்பம் மோசமில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் முழுக்க ஆவியானால் அதற்கு ஒரு பெரிய டிரம்மைவிட அதிக இடம் வேண்டும், அந்த இடத்தைக் கொடுக்காமல் இரும்புக்குள் அடைத்து வைத்தால் அது நாலு பக்கமும் முட்டித் தள்ளும், அந்தத் தள்ளுதான் நமக்கு வேலை செய்கிறது, ஆளையும் கொல்கிறது என்றார். சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். அடுத்து, பாய்லருக்குள் இருக்கும் தண்ணீர் நம் வீட்டு அடுப்பில் கொதிக்கிற தண்ணீரைவிட ரொம்ப ரொம்பச் சூடு, அழுத்திப் பிடித்து வைத்திருப்பதால்தான் அது தண்ணீராகவே இருக்கிறது, பிடி விட்டால் ஒரே மூச்சில் பொங்கி வெளியே பாயும் என்றார். அதையும் எப்படியோ சொல்லிவிட்டேன்.

பிறகு அவர், வெள்ளையாகப் புகை மாதிரித் தெரிவது நீராவி இல்லை, அது ஆறிப்போன தண்ணீர்த் துளி, உண்மையான நீராவி கண்ணுக்கே தெரியாது என்றார்.

"வெள்ளையாத் தெரியறது ஆவி இல்லீங்களாமா. ஆவி கண்ணுக்கே தெரியாதாமா" என்றேன்.

மூட்டைகளின் மேல் ஒரு சலசலப்பு. "அது நமக்குத் தெரியாதுங்களா?" என்று யாரோ சொன்னார்கள்.

தாஸ் 'லைவ் ஸ்டீம்' என்று எதையோ தொடங்கினார். பாய்லரிலிருந்து நேராக, முழு அழுத்தத்தோடு வருகிற நீராவிக்கு அந்தப் பெயராம். இது எனக்கு இப்போது தெரிகிறது. அப்போது தெரிந்தது 'லைவ்' என்ற ஒரு சொல்தான்.

"இந்தக் குழாய்க்குள்ள வாரது உயிருள்ள ஆவிங்களாமா. அதுகிட்ட ரொம்ப எச்சரிக்கையா இருக்கோணுமாமா."

செல்வியக்கா கையைத் தூக்கினார். "அம்முணி, உசுரோட இருந்தா அது எப்படிங்க ஆவி?"

நியாயமான கேள்வி. நான் தாஸைப் பார்த்தேன். அதை எப்படி இங்கிலீஷில் கேட்பது என்று தெரியவில்லை. ஒன்றும் கேட்காமல் சிரித்து வைத்தேன். தாஸும் சிரித்தார். நாங்கள் இருவரும் சிரித்ததைப் பார்த்துச் சித்தப்பா பெருமையாகச் சிரித்தார்.

அடுத்தது 'வாட்டர் ஹேமர்'. குழாய்க்குள் தண்ணீர் தேங்கியிருக்கும்போது நீராவியைத் திடீரென்று திறந்துவிட்டால், அது தண்ணீரை மொத்தமாக அள்ளிக்கொண்டு போய் வளைவில் அடிக்கும், சம்மட்டியால் அடித்தது போலக் குழாயே பிளந்து போகும். தாஸ் இதை நன்றாகத்தான் விளக்கியிருக்க வேண்டும். கைகளையெல்லாம் ஆட்டினார். என் காதில் விழுந்தது தண்ணீர், சுத்தியல், சாவு.

"தண்ணீர்ச் சுத்தியல்னு ஒண்ணு இருக்குதுங்களாமா. அது ஆளையே கொன்னுபோடுமாமா."

ராசண்ணன் யோசித்தார். "அது எந்தக் கடையிலீங்க விக்குது?"

"பாய்லர் கூட வந்த பெட்டிக்குள்ள கெடக்கும் பாரு" என்றார் சித்தப்பா.

"ஆளைக் கொல்லும்கறாங்க. அதை எதுக்குங்க வாங்கியாந்து வெச்சுக்கிட்டு?"

எனக்கும் அதே சந்தேகம்தான். ஆனால் பெரிய தொழிற்சாலைகளில் ஆபத்தான கருவிகள் இருக்கத்தானே செய்யும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

டீ வந்தது. டீ முடிந்ததும் செய்முறை. பாய்லர் காலையிலிருந்தே விறகில் எரிந்துகொண்டிருந்தது. அழுத்தம் காட்டுகிற வட்டக் கருவியில் முள் நன்றாக ஏறியிருந்தது. பாய்லரிலிருந்து கஞ்சித் தொட்டி வரைக்கும் புதுக் குழாய். முந்தின நாள்தான் ஒழுகுகிறதா என்று அதற்குள் தண்ணீர் விட்டுப் பார்த்திருந்தார்கள். தாஸ் கஞ்சித் தொட்டிப் பக்கம் போய் நின்றுகொண்டு, முதலில் 'டிரெயின்' செய்யச் சொன்னார். குழாயின் தாழ்வான இடத்தில் சின்னதாக ஒரு வால்வு இருக்கிறது. அதைத் திறந்து உள்ளே நிற்கிற தண்ணீரை வடித்துவிடச் சொல்லியிருக்கிறார். 'டிரெயின்' என்றால் சாக்கடை என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

"மொதல்ல சாக்கடையப் பாக்கச் சொல்றாருங்க, சித்தப்பா."

பட்டறைக்குப் பின்னால் போய்ச் சாக்கடையைப் பார்த்துவிட்டு வந்தார்கள். "சுத்தமா இருக்குதுங்க. நேத்துத்தான் அள்ளுனோம்" என்று ராசண்ணன் சொன்னார். நான் தாஸிடம், டிரெயின் சுத்தமாக இருக்கிறது சார் என்றேன். அவர் திருப்தியாகக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். எவ்வளவு எளிதாக முடிகிறது இந்த வேலை என்று நினைத்தேன்.

அப்புறம்தான் அந்தச் சொல்லைச் சொன்னார். "கிராக் தி வால்வ்."

வால்வைத் துளியூண்டு மட்டும் திறப்பதை அந்தத் தொழிலில் அப்படித்தான் சொல்வார்களாம். எனக்குத் தெரிந்த கிராக் இரண்டு. ஒன்று விரிசல். இன்னொன்று எங்கள் தெருவில் காலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கை காட்டுகிற ஒருவர். செல்போனை எடுத்துத் தேடினேன். விரிசல், பிளவு, உடை என்று வந்தது. சந்தேகம் தீரவில்லை. அவரிடமே கேட்டேன்: சார், நிஜமாகவே கிராக் செய்ய வேண்டுமா?

ஆமாம், ஆமாம், கிராக் செய்யுங்கள், ரொம்பக் கொஞ்சமாக என்று விரல்களைச் சேர்த்துக் காட்டினார்.

"வால்வை உடைக்கச் சொல்றாருங்க, ராசண்ணா."

ராசண்ணன் என்னைப் பார்த்தார். வால்வைப் பார்த்தார். அது புத்தம் புதிது, பச்சைப் பெயிண்ட் பளபளவென்று இருந்தது. "ஒடைக்கறதுங்களா?"

"கொஞ்சமா ஒடைச்சாப் போதுமாமுங்க."

"அம்முணி, நானும் இத்தன வருசமா தொறந்துதானுங்க உட்டிருக்கேன்."

"எனக்கும் புரியலீங்கண்ணா. ரெண்டு தடவ கேட்டுப்போட்டேன். ஆமாங்கறாரு."

சித்தப்பாவுக்குப் பொறுமை போயிற்று. "ஏம்ப்பா ராசு, கல்கத்தாவுல இருந்து வந்தவருக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சு போச்சு? புது மாதிரி பாய்லரு. உள்ள சீலு கீலு ஏதாச்சும் வெச்சிருப்பாங்க. தட்டி ஒடைச்சு உடோணும்போல இருக்குது."

சீல் என்றதும் எல்லாருக்கும் தெளிவாகிவிட்டது. எனக்கும்தான். ஓகோ, அதற்குத்தான் அந்தத் தண்ணீர்ச் சுத்தியல் போல என்றுகூட எனக்குள் ஒரு வெளிச்சம் அடித்தது. பெட்டியில் தேடியும் அப்படி ஒன்று கிடைக்காததால் விறகு பிளக்கிற இடத்திலிருந்த சம்மட்டியை எடுத்துக்கொண்டு ராசண்ணன் பாய்லர் பக்கம் போனார். தாஸ் அந்த நேரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அதை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது, முழு அழுத்தத்தில் இருக்கிற வார்ப்பிரும்பு வால்வுக்கு முன்னால் ஒரு மனிதர் சம்மட்டியைத் தோளுக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்தார்.

அவ்வளவு மெல்லிய குரலுக்குள் அப்படி ஒரு அலறல் இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அது இங்கிலீஷும் இல்லை. வங்காளம். எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை.

"என்ன சொல்றாருங்க?" என்று ராசண்ணன் கத்தினார், சம்மட்டியை இறக்காமல்.

"தெரியலீங்க!"

ராசண்ணன் சம்மட்டியைப் போட்டார். ஏதோ தப்பாகிவிட்டது, என்ன தப்பு என்று தெரியவில்லை, தன் கையில் இருப்பது அந்த ஒரு வால்வுதான் என்கிற தவிப்பில் அதன் சக்கரத்தைப் பிடித்து, தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தார். வேகமாக, முழுக்கத் திறந்துவிட்டார்.

முதலில் குழாய்க்குள் கடகடவென்று யாரோ ஓடுவது போல ஒரு சத்தம். அடுத்தது டமார். குழாய் அதைத் தாங்கியிருந்த கொக்கிகளிலிருந்து துள்ளி விழுந்தது. மறுபடி டமார். நடுவில் இரண்டு குழாய்கள் சேருகிற இடம் விட்டுப்போய், காதைக் கிழிக்கிற சீற்றம். கஞ்சித் தொட்டி பொங்கிக் கூரையைத் தொட்டுவிட்டு வந்தது. தாஸ் எகிறிக் குதித்துத் தப்பினார். மூட்டைகளின் மேல் இருந்தவர்கள் எப்படி வாசலுக்குப் போனார்கள் என்று பார்க்கவில்லை. நான் ஏற்கனவே வாசலில்தான் இருந்தேன்.

திரும்பிப் பார்த்தால் பட்டறைக்குள் வெள்ளை மேகம். வெளியே வந்தவர்களில் ராசண்ணன் மட்டும் இல்லை. அந்த மேகத்துக்குள்தான் இருந்தார், ஆனால் தெரியவில்லை. செல்வியக்கா "ஏனுங்க! ஏனுங்க!" என்று கத்திக்கொண்டே உள்ளே போகப் பார்த்தார். நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். அதுவரை எல்லாம் ஒரு குழப்பமாகத்தான் இருந்தது. ஒரு மனிதர் செத்துப்போகலாம், அதுவும் என் வாயால் என்று அப்போதுதான் உறைத்தது.

மேகம் கொஞ்சம் விலகியபோது அவர் தெரிந்தார். பாய்லருக்குப் பக்கத்திலிருந்து வெளியே வர வழி தேடிக்கொண்டிருந்தார். எங்கும் வெள்ளையாக இருக்க, குழாய் விட்டுப்போன இடத்துக்கு ஒட்டி மட்டும் ஒரு முழ அகலத்துக்குப் பளிச்சென்று வெறும் இடம் இருந்தது. அந்த வழியாகத்தான் அவர் அடி எடுத்து வைத்தார்.

தாஸ் இங்கிலீஷில் கத்தினார். அங்கே போகாதே, அதுதான் நீராவி, பின்னால் போய் வால்வை மூடு. அன்றைக்கு முதல் தடவையாக அவர் சொன்னது எனக்கு முழுக்கப் புரிந்தது. முதல் பரிசையெல்லாம் மறந்துவிட்டு, அடித்தொண்டையில் கத்தினேன்.

"ராசண்ணா, நில்லுங்க! ஒண்ணுமில்லாத மாதிரி தெரியுதே, அங்கதானுங்க ஸ்டீமு! பின்னால போயி வால்வை மூடுங்க! மூடுங்க!"

அவர் நின்றார். ஒரு கணம் அந்த வெறும் இடத்தைப் பார்த்தார். பிறகு திரும்பிப் போய்ச் சக்கரத்தைச் சுற்றினார். சீற்றம் குறைந்து, விசிலாகி, மூச்சாகி நின்றது. அந்த வெறும் இடத்தில் இருந்த பிளாஸ்டிக் வாளி ஒரு பக்கம் முழுக்க உருகிச் சுருங்கிக் கிடந்தது. செல்வியக்கா போய் ராசண்ணனின் கையை, முகத்தை, முதுகை எல்லாம் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் அவர் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தார்.

கூரையிலிருந்து கஞ்சி சொட்டிக்கொண்டிருந்தது. சித்தப்பாவின் வேட்டியில், காலண்டரில் இருந்த சாமி படத்தில், என் தலையில். (ஆறிய பிறகுதான் விழுந்தது. அந்த மட்டும் அதற்குக் கருணை இருந்தது.)

அப்புறம் விசாரணை. அதற்கும் மொழிபெயர்ப்பாளர் நான்தான், வேறு ஆள் இல்லையே. தாஸ் நீளமாகப் பேசினார். குழாயில் தண்ணீரை வடிக்கவே இல்லை, ஆனால் வடித்தாயிற்று என்று இந்தப் பெண் சொன்னாள், கொஞ்சமாகத் திறக்கச் சொன்னதற்குச் சம்மட்டியோடு வந்தார்கள், இவள் என்னதான் சொன்னாள் உங்களிடம் என்று கேட்டார்.

"என்ன சொல்றாரு கண்ணு?" என்றார் சித்தப்பா.

சொன்னேன். என்னைப் பற்றிய ஒவ்வொரு வாக்கியத்தையும், ஒன்றையும் விடாமல், ஒன்றையும் கூட்டாமல். அன்று நான் செய்த மொழிபெயர்ப்பிலேயே பிழை இல்லாதது அதுதான். கடைசியில் தாஸ் சொன்ன ஒரு சொல் மட்டும் எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் துணிச்சல் வரவில்லை. நல்ல சொல்லாக இருந்திருக்காது.

சித்தப்பா என்னைத் திட்டவில்லை. தோளில் இருந்த துண்டை எடுத்து என் தலையிலிருந்த கஞ்சியைத் துடைத்துவிட்டு, "சரி, போய் குளி. ஊட்டுல சுடுதண்ணி இருக்குது" என்றார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு, "இல்ல, பச்சத் தண்ணியிலயே குளிச்சுக்க. உனக்கு சூடெல்லாம் ஆகாது" என்றார்.

தாஸ் இன்னும் சில நாள் இருந்து எல்லாவற்றையும் சரி செய்து ஓட்டிக் காட்டிவிட்டுத்தான் போனார். இந்தத் தடவை கையாலேயே காட்டிக் காட்டிப் பாடம் நடத்தினாராம். அது பிரமாதமாக இருந்ததாம். ராசண்ணனுக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போய், ஊருக்குக் கிளம்பும்போது வாழை இலையில் எதையோ பொதிந்து கொடுத்தனுப்பினார்.

இதெல்லாம் நடந்து வருஷங்கள் ஆகிவிட்டன. நான் இப்போது நாமக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். பிள்ளைகள் அர்த்தம் கேட்டால், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிடுகிறேன். அந்தச் சொல்லுக்கு என் அகராதியில் இடம் கிடைக்கக் கூரை வரைக்கும் கஞ்சி பொங்க வேண்டியிருந்தது. எங்கள் சொந்தத்தில் இதைக் கேள்விப்படாதவர்கள் இல்லை. என் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்கும்போதே சித்தப்பா இதைச் சொல்லிவிட்டார். பந்தியில் இலை போட்டு முடிப்பதற்குள் மண்டபம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

பட்டறையில் பாய்லர் அறைச் சுவரில் சித்தப்பா ஒரு பலகை எழுதி மாட்டியிருக்கிறார். சிவப்புப் பெயிண்டில், பெரிய எழுத்தில்: 'வால்வை உடைக்காதீர்கள்.' போன தடவை பாய்லரைச் சோதிக்க வந்த அதிகாரி ஒருவர் அதை நின்று படித்துப் பார்த்துவிட்டு, குழம்பிப்போய்க் கேட்டாராம்: "இத எதுக்கு எழுதி வெச்சிருக்கீங்க? வால்வை யாராவது உடைப்பாங்களா?"

சித்தப்பா அடக்கமாகச் சொன்னாராம்:

"மத்தவங்க யாரும் ஒடைக்க மாட்டாங்க சார். எங்கண்ணன் புள்ள ஒண்ணு எம்.ஏ. இங்கிலீசு படிச்சிருக்குது. அது எப்பவாச்சும் இந்தப் பக்கம் வருமுங்க."